இருபத்துமூன்று குடம்

மண்டபம், விசைப்படகு டீசல் பங்க்.
டோக்கன் நாள். விடியுமுன்
இன்னாசி அண்ணன் படகுக்கு முந்நூறு லிட்டர்.
பில்லைக் கிழித்துக் கொடுத்துவிட்டேன்.
கார்பன் தாளுக்கு அடியில் நீலமாய்
அதே முந்நூறு எனக்கு மிச்சம்.

வேதியியல் படித்தவள் பங்க்கில் கணக்கெழுதினால்
கை சும்மா இருக்காது.
டீசல் ஒரே பொருளல்ல, கலவை. தெரியும்.
கணக்குக்கு ஒரு பெயர் வேண்டுமே.
பன்னிரண்டு கார்பன், இருபத்தாறு ஹைட்ரஜன்
என்று வைத்துக்கொண்டேன்,
பெண் பார்க்க வந்தவனின் வயதைப்
பாதி கேட்டுப் பாதி ஊகிப்பதுபோல்.

இந்தப் பக்கம் அதில் இரண்டு, ஆக்சிஜன் முப்பத்தேழு.
அந்தப் பக்கம் கரியமில வாயு இருபத்துநான்கு,
தண்ணீர் இருபத்தாறு.
இருபுறமும் எண்ணிப் பார்த்தேன்.
ஏலக்கூடத்துத் தராசில்
செபமாலை அக்காகூட இவ்வளவு நேர்மையாக நிறுத்ததில்லை.

முந்நூறு லிட்டர் என்பது
இருநூற்றைம்பது கிலோ, ஒன்று குறைய.
அதை முழுசாய் எரிக்க ஆக்சிஜன்
எண்ணூற்று அறுபத்தேழு கிலோ.
காற்றாகச் சொன்னால் மூன்றே முக்கால் டன்.
யாரும் ஏற்றவில்லை, யாரும் பில் கேட்கவில்லை,
வாடை கொண்டுவந்து கொட்டும் என்று
எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை.
ஆகவே முதலில் தீர்வது டீசல்.
முதலில் தீர்வது எதுவோ
அதுவே வினையைக் கட்டுப்படுத்தும் என்று
ராமநாதபுரம் கல்லூரியின் மதிய வகுப்பொன்றில்
தூக்கத்தில் சரிந்த கையெழுத்தில்
நானே எழுதியிருக்கிறேன்.

கடைசி வரியில் பேனா நின்றது.
தண்ணீர்: முந்நூற்று நாற்பத்து மூன்று கிலோ.
திரும்பப் போட்டேன்.
அதே.

ஊற்றியதைவிட அதிகமாய்
தண்ணீர் கிளம்பிப் போகிறது புகைக்குழாயில்.
பிளாஸ்டிக் குடத்துக்குப் பதினைந்து லிட்டர் வைத்தால்
இருபத்துமூன்று குடம்,
கடைசிக் குடம் மட்டும் கழுத்துக்குச் சற்றுக் கீழே.
குடம் பத்து ரூபாய்.

மழை ஏமாற்றிய வருஷம்.
எங்கள் தெருக் குழாய் கடைசியாய் இருமியது
போன செவ்வாய்க்கிழமை.
கூட்டுக் குடிநீர்க் காவிரி
எந்த ஊர் வால்வில் நிற்கிறதோ.

மறுநாள் இன்னாசி அண்ணன்
கரும்புகையோடு கரை சேர்ந்தார்.
"டீசல்ல என்னத்தையோ கலக்குறீங்க."
"டீசல் சரிதாண்ணே. காத்துதான் பத்தல."
"நடுக்கடல்ல காத்துக்கா பஞ்சம்?"
ஏர் ஃபில்டரைக் கழற்றினார்கள்.
உப்பும் எண்ணெயும் சேர்ந்து
அடைபோல் இறுகிக் கிடந்தது,
என் கணக்கில் நான் இலவசமாய் விட்ட இடம்.

சாயங்காலம் நூர்தீனின் டேங்கர்.
வந்துசேரப் பத்து லிட்டர் டீசல் குடித்திருந்தால்
ஒரு குடத்துக்குக் கொஞ்சம் குறைவாய்
வழியெல்லாம் ஆவியாக ஊற்றிக்கொண்டு வந்திருக்கிறார்.
சொன்னேன்.
"சத்தமாச் சொல்லாத தாயி,
அதுக்கும் டெண்டர் விட்ருவாங்க."
வரிசையில் என் குடம் பதினேழாவது.
பதினாறாவதோடு ஹோஸ் மெலிந்தது.

அடுத்த டோக்கன் நாள், மார்கழிப் பனி.
துடைத்த இன்ஜின் ஒரே இழுப்பில் பிடித்தது.
புகை வெளுத்துச் சன்னமாய்.
குழாய் சூடேறுமுன், வளைவில்
ஒரு சொட்டு திரண்டு தொங்கியது.
விரலில் வாங்கினேன்.
கரி மிதந்தது. நாக்கில் வைக்கவில்லை.

"என்னம்மா பாக்குற?"
"ஒழுகுதான்னு பாத்தேண்ணே."
பாவாடை ஓரத்தில் விரலைத் துடைத்துவிட்டு
கார்பன் தாளைச் செருகி எழுதினேன்:
முந்நூறு.